த்ராபிங் என்றால் உள்ளே விடுவார்கள்

சித்தூர் எல்லையைத் தாண்டும்போது வெயில் முதுகில் ஏற ஆரம்பித்திருந்தது. மாம்பழக் கூழ் எடுக்கும் தொழிற்சாலை எனக்குப் பின்னால் இருந்தது. வலிக்கும் கடைவாய்ப் பல் என் இடது கன்னத்தில் இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் விட்டுவிட்டு வர முடிந்தது.

தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். கொஞ்ச தூரம் நடப்பேன். ஒரு வாய் தண்ணீரை இடப்பக்கமாக ஒதுக்கிக்கொள்வேன். அது வாயில் சூடாகும் வரை பல் சும்மா இருக்கும். சூடானதும் துப்பிவிட்டு அடுத்த வாய். எதிரே வந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு போகிறவன் என்று நினைத்திருப்பார்கள். துப்பியது வெள்ளையாக இருந்தது அவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சண்டை இல்லை, சம்பளமும் கொடுத்தார்கள். மலை மலையாகக் கொட்டிக் கிடக்கும் தோத்தாபுரிப் பழத்தைக் கழுவி, அழுகலைப் பொறுக்கி, ஓடும் பட்டையில் போடுவது என் வேலை. பக்கத்தில் கூழ் பிழியும் இயந்திரம் தட், தட் என்று அடித்துக்கொண்டே இருக்கும். பல்லும் அப்படியே அடிக்கும். இரண்டும் சேர்ந்து அடித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இயந்திரம் ஒரு தட், அது ஓயும் இடத்தில் பல் ஒரு தட். நடுவில் எனக்கென்று இடைவெளியே இல்லாமல் போயிற்று.

மேஸ்திரியிடம் சொன்னேன்.

"மெஷின நிறுத்த முடியாது. நீ வேணா நின்னுக்கோ" என்றார்.

நின்றுகொண்டேன்.

வாயைத் திறந்ததன் பலன்

காணிப்பாக்கம் போகும் சாலை பிரியும் இடத்தைத் தாண்டியதும் ஒரு ஜீப் என்னைக் கடந்து போனது. உள்ளே பக்திப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவரைத் தவிர ஆள் யாரும் இல்லை. பின்கதவு திறந்து, யானைக் காது மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டெப்னி டயர் எந்த நிமிடமும் கீழே குதிக்கத் தயாராக வாசலுக்கு வந்து நின்றது.

யோசித்திருந்தால் கத்தியிருக்க மாட்டேன். வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுக் கத்தினேன்.

"பின்னாடி டோரு!"

தெலுங்கிலும் ஒருமுறை கத்தினேன். ஜீப் நின்றது. பின்னோக்கி வந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் தலையை வெளியே நீட்டி, டயரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"கத்தினது நீயா?"

தலையாட்டினேன்.

"பாட்டுக்கு மேல கேட்டுது. ஏறு" என்றார்.

அவர் பெயர் முனிகிருஷ்ணா. திருப்பதியில் சொந்தமாக இரண்டு ஜீப் வைத்திருந்தார். மலைக்கு வந்து சாமி பார்த்து முடித்தவர்களைக் கீழே பிடித்து, காளஹஸ்தி, காணிப்பாக்கம், நாகலாபுரம் என்று சுற்றிக் காட்டி இறக்கிவிடும் தொழில். அன்று காணிப்பாக்கத்தில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். வெறும் வண்டி ஓட்டுகிற துக்கம் அவர் முகத்தில் இருந்தது.

"எத்தினி பாஷை தெரியும்?" என்றார்.

தமிழ், தெலுங்கு இரண்டும் பிறந்த ஊர் கொடுத்தது. கன்னடம் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போனபோது வந்தது. இந்தி, கூட வேலை பார்த்த பீகார் பையன்களிடம் திட்டு வாங்கி வந்தது. நான்கு விரல் காட்டினேன்.

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "எங்கிட்ட கூவுறதுக்கு ஆளு இல்ல. இருந்தவன் கல்யாணம் பண்ணிக்கினு மாமியார் ஊட்டுக்குப் பூட்டான். ஸ்டாண்டுல நின்னு கூவணும். சாப்பாடு, படுக்க எடம், சம்பளம். எங்கே, ஒருமுறை கூவு."

வாயைத் திறந்தேன். திறக்கவில்லை. சற்று முன் போட்ட கத்தலில் தாடை எங்கோ பிடித்துக்கொண்டது. ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் போகவில்லை. அந்த விரல் இடுக்கு வழியாகக் "காளஹஸ்தி" என்றேன். எனக்கே அது வேறு ஏதோ ஊர் மாதிரி கேட்டது.

முனிகிருஷ்ணா என் கன்னத்தை அப்போதுதான் பார்த்தார். பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

"ரேணிகுண்டாப் பையன் ஒருத்தன் இந்த வேலைய கேட்டுக்கினு இருக்கான்" என்றார். "அவனுக்கு ரெண்டு பாஷைதான். ஆனா வாய் தெறக்குது. நாளிக்கு காலைல ஸ்டாண்டுக்கு வா. வாய் தெறந்தா நீ, இல்லன்னா அவன்."

என்னை வேலைக்குத் தேர்ந்தெடுத்தது அந்தக் கத்தல். என் வாயை மூடியதும் அதே கத்தல். மறுநாள் காலைக்குள் வாய் திறந்தாக வேண்டும். திருப்பதி பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் இறக்கிவிட்டு, ஜீப்பின் பின்கதவை என்னைக்கொண்டே சாத்தவைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் கையாக வந்த இங்கிலீஷ்

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதிக நேரம் ஆகாது.

புத்தூர் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், நைனாவுக்கு நிறையக் கோபம். நான் படித்தது எட்டாவது வரை, தமிழ்ப் பள்ளிக்கூடம். இங்கிலீஷ் வாத்தியார் தெலுங்குக்காரர். இங்கிலீஷ் பாடத்தை அவர் தெலுங்கில் சொல்லுவார். முன்பெஞ்சில் இருப்பவன் அதைத் தமிழில் பின்பெஞ்சுக்குச் சொல்லுவான். எங்கள் பெஞ்சுக்கு அர்த்தம் வந்துசேரும்போது மணி அடித்துவிடும். அதனால் எனக்குப் பல இங்கிலீஷ் வார்த்தைகளின் தொடக்கம் தெரியும், முடிவு தெரியாது.

மிச்ச இங்கிலீஷ் ரோட்டில் கிடைத்தது. வரதய்யபாளையம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட், ரிலீவர். பெங்களூரில் ஷட்டரிங். போன இடமெல்லாம் அட்ஜஸ்ட். இந்தக் கடைசி வார்த்தையை எனக்கு யாரும் விளக்கியதில்லை. படுக்கக் கொடுத்த இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு பழக்கம். ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் என்று எங்கே போனாலும் வாசலில் செருப்போடு தமிழையும் விட்டுவிட்டுப் போவோம். உள்ளே தெலுங்கு. தெலுங்குக்கு மேலே ஓர் இங்கிலீஷ் வார்த்தை தூவினால் இன்னும் நல்லது. யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. உள்ளே இருப்பவருக்குத் தமிழ் தெரிந்தாலும் நாங்கள் விடமாட்டோம். தாசில்தார் இருக்கும் எம்.ஆர்.ஓ. ஆபீசில் ஒருமுறை நைனாவும் ஒரு குமாஸ்தாவும் அரைமணி நேரம் தெலுங்கில் திண்டாடினார்கள். பேசி முடித்து வெளியே டீக்கடைக்கு வந்தபிறகுதான் அந்தக் குமாஸ்தா திருத்தணிக்காரர் என்று தெரிந்தது.

பல்வலியும் எனக்குப் புதிதல்ல. வரதய்யபாளையத்தில் இருந்தபோது ஒரு பல் வலித்தது. அறையில் கூட இருந்தவன் புகையிலையைக் கசக்கி அந்தப் பல்லின் பொத்தலில் அடைத்தான். கொஞ்ச நேரத்தில் மயக்கம் போட்டு விழுந்து மண்டையில் அடிபட்டுக்கொண்டேன். எழுந்தபோது பல்வலி போயிருந்தது. மண்டைவலி அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. "பாத்தியா, எறங்கிட்ச்சு" என்றான் அவன். ஏறிவிட்டது என்பதுதான் சரி.

பேபியம்மா

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நீளமான பெஞ்சு. பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் வைத்தியம் பார்க்கும் இடம் அது. வாசலருகே ஒரு மேசை. வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் இளைஞர் குனிந்தபடியே ஒவ்வொருவராகக் கேட்டு, சிலரை உள்ளே அனுப்பினார். பலரை மத்தியானம் வரச் சொன்னார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஒரு பக்கக் கன்னம் பார்டர தாண்டிப் போச்சே."

சிரிக்க முடியாததால் தலையாட்டினேன்.

"எந்த ஊரு?"

"புத்தூர் பக்கம்."

"அப்ப நம்மாளு. நா நகரி. பேபின்னு பேரு. பேரன் எடுத்தும் பேபிதான்." அவர் பல் கட்ட வந்துபோய்க்கொண்டிருப்பவர். அந்தப் பெஞ்சில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. சுவரில் சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்த இடம். "உள்ள போனா இன்னா சொல்வே?"

"பல்லு வலின்னு."

"கிழிச்ச. பல்லு வலி இல்லாதவன் இங்க எதுக்கு வரான், சினிமா பாக்கவா? வலின்னு சொன்னா மத்தியானம் வான்னுவாங்க. த்ராபிங்னு சொல்லு. அப்பவே உள்ள உடுவாங்க."

"அப்பிடின்னா?"

"அப்பிடின்னா உள்ள உடுவாங்கன்னு அர்த்தம்."

அந்த வார்த்தை அவருக்கு வந்த வழியையும் சொன்னார். அண்ணன் மகள் நர்சுக்குப் படிக்கிறாள். அவள் சொல்லிக்கொடுத்தது. முதலில் பல்லுக்குச் சொல்லிப் பார்த்தார். வேலை செய்தது. பிறகு வேறோர் ஆஸ்பத்திரியில் முட்டிக்குச் சொன்னார்.

"கண்ணாஸ்பத்திரில கூட சொன்னேன்."

"கண்ணுக்கா? இன்னா சொன்னாங்க?"

"நிமிர்ந்து பாத்தாங்க. பின்ன? வலின்னு சொன்னப்போ ஒருத்தரும் நிமிரவே இல்ல."

பேபியம்மா எதையும் ஒளித்து வைத்துக்கொள்கிறவர் இல்லை. எனக்குச் சொன்ன குரலிலேயே பெஞ்சு முழுக்கச் சொல்லிவிட்டார். வார்த்தை ஆள் மாறி ஆள் கடந்து மேசைப் பக்கம் போயிற்று. முதலில் ஒரு பெண் "த்ராபிங் சார்" என்றாள். கோட்டுக்காரர் நிமிர்ந்தார். உள்ளே அனுப்பினார். அடுத்தவர் "த்ராபிங்." உள்ளே. மூன்றாவதாக ஒரு பெரியவர்.

"ஏமைந்தி?" என்றார் கோட்டுக்காரர். என்ன ஆயிற்று என்று கேட்கிறார்.

"த்ராபிங்."

"எக்கட?"

எங்கே என்று கேட்டதும் பெரியவர் வாயிலிருந்து மேல்செட்டு, கீழ்செட்டு இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தார். கீழ்செட்டின் ஓரத்தைச் சுட்டிக்காட்டி, பல் இல்லாத வாயால், "இந்தப் பக்கம்" என்றார்.

கோட்டுக்காரர் கொஞ்ச நேரம் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைச் சரிபார்க்க ஓர் ஆளிடம் கொடுத்து அனுப்பினார். பல்செட்டு உள்ளே போயிற்று. பெரியவர் வெளியே காத்திருந்தார்.

"பாத்தியா" என்றார் பேபியம்மா. "பாதியாவது உட்டாங்க."

என் முறை வந்தது. சொன்னேன். என் கன்னத்தையும் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். வார்த்தையா கன்னமா, எதற்கு மரியாதை என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேபியம்மாவுக்குத் தெரியும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

உள்ளே போனபிறகு

சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தார்கள். ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயதுதான். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு இருந்தது. பேச்சு தெலுங்கில் தொடங்கி, அரைத் தமிழுக்கு வந்தது.

"நொப்பி எலா உந்தி?"

வலி எப்படி இருக்கிறது என்கிறார். "த்ராபிங்" என்றேன்.

"படுத்தா ஜாஸ்தி ஆகுதா?"

"த்ராபிங்."

"காபி குடிச்சா?"

"த்ராபிங்."

அவர் வாய்க்கண்ணாடியைத் தட்டில் வைத்தார். "காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாருக்கும் த்ராபிங். ஒருத்தர் வாயில பல்லே லேது. எக்கட நேர்ச்சுக்குன்னாரு ஈ மாட்ட?"

இந்த வார்த்தையை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறார். பேபியம்மாவைக் காட்டிக்கொடுக்க மனம் இல்லை. பேசாமல் வாயைத் திறந்தேன். அதே ஒரு விரல் அளவுதான். எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் தெளிந்தார்.

"பல்லு நல்ல பல்லு. வேரு கெட்டி. உள்ள பல்ப் இருக்கில்ல, அதுதான் கெட்டுப்போச்சு. பல்ப் எடுத்துட்டு, கழுவி, மூடிட்டா பல்லு மிகிலிபோதுந்தி, தங்கிடும்."

"எது?"

"பல்ப்."

தொழிற்சாலையில் மாம்பழக் கூழுக்கும் பல்ப் என்றுதான் பெயர். சித்தூரில் எந்த வேலையை விட்டு ஓடி வந்தேனோ, அதே வேலை என் வாய்க்குள் நடக்கப்போகிறது. அதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்து அவர் சொன்னதில் எனக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை. இதற்குப் பல தடவை வர வேண்டும். முதல் தடவைக்கான நாள் அடுத்த வாரம்தான் கிடைக்கும்.

"இன்னிக்கே புடுங்கிடுங்க மேடம்."

"காப்பாத்தக்கூடிய பல்ல நான் புடுங்க மாட்டேன். ஆடுற பல்லு, ஒடைஞ்ச பல்லுதான் புடுங்கறது. உங்களுக்கு த்ராபிங். அதுக்கு வேர் வைத்தியம்."

என்னை வேகமாக உள்ளே கொண்டுவந்த வார்த்தை, என்னை வேகமாக அடுத்த வாரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ரேணிகுண்டாப் பையனின் திறந்த வாய் கண் முன்னால் வந்தது. பார்த்திராதவன்தான். ஆனாலும் வாய் நன்றாகத் தெரிந்தது.

"த்ராபிங் லேது மேடம்" என்றேன்.

"லேதா? அப்ப ஏமி?"

"சும்மா வலி."

"சும்மா வலின்னா மாத்திரை. மத்தியானம் வாங்க."

"கொஞ்சம் த்ராபிங் மேடம்."

அவர் கையுறையைக் கழற்றினார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த வார்த்தைய உடுங்க. உள்ள ஏமி ஆகுது? சொல்ல வேணாம். செஞ்சு காட்டுங்க."

பக்கத்தில் ஸ்டீல் தட்டு இருந்தது. பல் அடித்தபோதெல்லாம் அதில் விரலால் தட்டினேன். டக். டக். டக். தட்டத் தட்ட, கூழ் இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற ஞாபகம் வந்தது. டாக்டரம்மா என் இன்னொரு கையைப் பிடித்து மணிக்கட்டில் விரல் வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அடுத்த நாற்காலிகளில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டார். அவர்களும் என் கையை வாங்கிக்கொண்டார்கள். தட்டில் ஒரு டக், மணிக்கட்டில் ஒரு துடிப்பு. இரண்டும் ஒன்றாக விழுந்தன.

"இதி த்ராபிங்" என்றார் அவர்களிடம். பிறகு என்னிடம் திரும்பி விளக்கினார். "நெஞ்சு அடிக்குதில்ல, அப்ப ரத்தம் பல்லுக்குள்ளயும் வருது. பல்லு மூடின ரூமு. வீங்கினா போறதுக்கு எடம் லேது. ஒவ்வொரு அடியும் அங்க இடிக்குது."

"விண்ணு விண்ணுன்னு" என்றேன்.

"ஆ, விண்ணு விண்ணு!" என்றார். "நான் பலமனேர். எங்க பக்கத்து வீடு தமிழ். நாங்க சலுபுன்னு சொல்வோம், அவங்க விண்ணு விண்ணுன்னு சொல்வாங்க. அது தெரியுமே எனக்கு. மொதல்லயே சொல்லலாமே."

ஆஸ்பத்திரியில் போய் விண்ணு விண்ணு என்று எப்படிச் சொல்வது? அது வீட்டுக்குள் கட்டுகிற லுங்கி மாதிரி வார்த்தை. மேசைக்கு முன்னால் அதைக் கட்டிக்கொண்டு நிற்க எங்களுக்குக் கூச்சம். த்ராபிங் இஸ்திரி போட்ட பேண்ட். இடுப்பு யாருடையதானாலும் போட்டுக்கொண்டு போகலாம்.

இதையெல்லாம் சொல்லவில்லை. ஜீப்பைப் பற்றியும் மறுநாள் காலையைப் பற்றியும் மட்டும் சொன்னேன். விரல் இடுக்கு வழியாக அவ்வளவுதான் வந்தது.

அவர் புதுக் கையுறை மாட்டினார்.

"பல்ல புடுங்க மாட்டேன். இன்னிக்கு வலிய மட்டும் புடுங்கறேன். மிச்சத்துக்கு வாரா வாரம் வரணும். வருவீங்களா?"

அலைகிற ஆளை இப்படிக் கேட்கக் கூடாது. வாரா வாரம் ஒரே ஊரில் இருப்பது எனக்குப் பழக்கம் இல்லாத காரியம். வருவேன் என்றேன்.

ஊசி போட்டதும் கன்னம் என்னை விட்டுப் போய்விட்டது. வாய் தானாகத் திறந்தது. இயந்திரம் கிர்ரென்று உள்ளே இறங்கியது. ஏதோ ஓர் இடத்தில் கெட்ட வாடை ஒன்று வந்தது. அதோடு அந்த டக் நின்றது. நின்றபிறகுதான் அது எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரிந்தது. கூழ்த் தொழிற்சாலையில் கரண்ட் போனால் இப்படித்தான் இருக்கும். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

பெஞ்சு தட்டிய தாளம்

வெளியே வந்தபோது பேபியம்மா இன்னும் அதே இடத்தில் இருந்தார்.

"உட்டாங்களா?"

அவருக்கு அர்த்தத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வார்த்தை கொடுத்தவருக்கு அர்த்தமாவது கொடுக்க வேண்டாமா. ஆனால் உதடு பாதி என்னுடையது, பாதி ஊசியுடையது.

"நெஞ்ஜு... பழ்ழுல அழிக்குது" என்றேன்.

"மயக்கத்துல ஒளர்றான் பாவம்" என்றார் பேபியம்மா பெஞ்சைப் பார்த்து. "உள்ள இன்னா பண்ணச் சொன்னாங்க, அத்த சொல்லு."

தட்டிக் காட்டச் சொன்னார்கள் என்று கையால் காட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள் என்பதையும் காட்டினேன்.

பேபியம்மா இதை மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார். "புது ரூல் போட்டுக்கீறாங்க" என்றார். "வாயால சொன்னா போதாதாம். தட்டிக் காட்டணுமாம்."

நான் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது பெஞ்சு முழுக்க முழங்காலில் தட்டிப் பழகிக்கொண்டிருந்தது. செட்டு திரும்பி வராத பெரியவர் நன்றாகவே தட்டினார். பேபியம்மாவைக் காணவில்லை. கூப்பிட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஸ்டீல் தட்டுச் சத்தம் வந்தது. ஜாத்திரையில் பம்பை அடிப்பதுபோல, முதலில் நிதானமாக, பிறகு வேகமாக.

"அம்மா, அம்மா, நீங்க பல்லு கட்டறதுக்குத்தானே வந்தீங்க?" என்ற டாக்டரம்மாவின் குரலும் வந்தது.

மறுநாள் காலை

திருப்பதியில் படுக்க இடம் தேட வேண்டியதில்லை. ஊரில் பாதி எப்போதும் தரையில் துண்டு விரித்துப் படுத்திருக்கும். நாம் ஓர் ஓரத்தில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். நன்றாகத் தூங்கினேன்.

ஸ்டாண்டுக்குப் போனபோது ரேணிகுண்டாப் பையன் முன்னாலேயே வந்து, வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தான். நான் நினைத்ததைவிடச் சின்ன வாய். முனிகிருஷ்ணா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தாடையைப் பிடித்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கூவு."

கூவினேன். காளஹஸ்தி, காணிப்பாக்கம், நாகலாபுரம். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று. மொட்டையடித்த ஒரு ஹூப்ளிக் குடும்பம் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தது. சந்தனம் பூசிய எட்டுத் தலைகள் ஒன்றாகத் திரும்பின. ஜீப்புக்கு அது போதும். ரேணிகுண்டாப் பையன் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். முனிகிருஷ்ணா அவனை இரண்டாவது ஜீப்பில் கிளீனராக ஏறிக்கொள்ளச் சொன்னதும் பையை மறுபடி இறக்கினான். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

"வாரத்துக்கு ஒரு நாள் காலைல லீவு வேணும்ண்ணா" என்றேன்.

"எதுக்கு? அதான் வாய் தெறந்துட்ச்சே."

வேர், பல்ப், மூடின ரூமு எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். அவர் கண் ஹூப்ளிக் குடும்பத்தின் மேல் இருந்தது. எதுவும் காதில் ஏறவில்லை.

"த்ராபிங்ண்ணா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"அது பெருசா?"

"நெஞ்சு வரைக்கும் போவுது."

"சரே, சரே. போய்ட்டு வா. மொதல்ல ஆளுங்கள ஏத்து."

ஹூப்ளிக் குடும்பம் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தது. பெரிய குடும்பம், நிறையப் பை, மெதுவாக நடக்கும் ஒரு தாத்தா. அதற்குள் டிராபிக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்துவிட்டார். இங்கே நிறுத்தக் கூடாது, எடு எடு என்று பின்பக்கத் தகரத்தில் தட்டினார். ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதற்குள் அந்தக் குடும்பத்தை வேறு ஜீப்காரன் ஏற்றிக்கொண்டு போயிருப்பான்.

முனிகிருஷ்ணா கீழே இறங்கினார். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார்.

"சார், இஞ்சன் த்ராபிங் சார்."

கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தார். நின்ற ஜீப்பில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் வந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். டாக்டரம்மா என் மணிக்கட்டில் வைத்த அதே பொறுமையோடு கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அவுனு, உந்தி" என்றார். ஆமாம், இருக்கிறது என்று.

பார்த்துச் சரிசெய்துகொண்டு எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். நான் பின்கதவைத் திறந்துவிட்டு, கடைசியாக வந்துகொண்டிருந்த தாத்தாவைப் பார்த்துக் கன்னடத்தில் கூவினேன்.